அரை மில்லிமீட்டர்

என் அப்பாவுக்கு முகங்கள் ஞாபகம் இருக்காது, பற்கள் இருக்கும். கடைத்தெருவில் யாராவது சிரித்து நலம் விசாரித்தால் அவரும் சிரித்துப் பேசிவிட்டு, அவர்கள் போனபின் அம்மாவிடம் மெதுவாகக் கேட்பார்.

"இது யாரு? மேல்செட்டு நம்மகிட்ட கட்டினதுதான். ஆள்தான் யாருன்னு பிடிபடல."

"உங்க தங்கச்சியோட மாமனாருங்க" என்பாள் அம்மா. ஒருமுறை உண்மையிலேயே அப்படி நடந்தது.

அப்பா பல்செட் செய்கிறவர். பல் டாக்டர் அல்ல. டாக்டர் வாயில் அளவெடுத்து அனுப்புவார். அந்த அளவில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையின் அச்சை எடுப்பது, அதன்மேல் மெழுகு வைத்துப் பற்களை ஒவ்வொன்றாக நடுவது, டாக்டர் அதை வாயில் வைத்துப் பார்த்துச் சரி என்று சொன்னதும் மெழுகை உருக்கிவிட்டு அந்த இடத்தில் ஈறு நிறப் பொருளை நிரப்பி வேகவைப்பது, பிறகு தேய்த்துப் பளபளப்பாக்குவது, இவை எல்லாம் அப்பாவின் வேலை. மெழுகாக இருக்கும்வரை எதையும் திருத்தலாம். வெந்துவிட்டால் திருத்துவது கஷ்டம். பெரும்பாலும் புதிதாகத்தான் செய்ய வேண்டும். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

எங்கள் வீடு மாடியில் இருக்கிறது, லேப் கீழே. ஜன்னலை ஒட்டி நீளமான மேசை, அதன்மேல் ஒரு சின்ன எரிவிளக்கு, தேய்க்கிற மோட்டார், சூடான மெழுகின் வாசனை. மூன்று பக்கச் சுவரிலும் அலமாரி. அதில் நூற்றுக்கணக்கான பிளாஸ்டர் தாடைகள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கும். என் சிநேகிதிகள் முதல்முறை வந்தால் கதவருகிலேயே நின்றுவிடுவார்கள்.

அப்பாவுக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. காலையில் வேலை தொடங்குமுன் முக்காலியில் உட்கார்ந்து பத்து நிமிடம் ஆண்டவருக்கு நன்றி சொல்வார். மனதுக்குள் சொல்லமாட்டார், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் எப்படிப் பேசுவோமோ அந்தச் சத்தத்தில் சொல்வார். பெரிய பெரிய விஷயங்களாக இருக்காது. "மோட்டார் நேத்து சத்தம் போடல, ஸ்தோத்திரம். குழாய் அடைப்பு சரியாச்சு, ஸ்தோத்திரம். பொண்ணு பரீட்சை எழுதி முடிச்சுட்டா, ஸ்தோத்திரம்." படிக்கட்டில் நின்றால் எல்லாம் காதில் விழும். நான் செய்த நல்லது கெட்டது எல்லாம் அந்தப் பட்டியலில் வந்துவிடும் என்பதால் சின்ன வயதிலிருந்து நின்று கேட்பேன்.

இரண்டாவது பழக்கம், முடிந்த ஒவ்வொரு பல்செட்டையும் டப்பாவில் வைக்குமுன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு ஜெபம். எப்போதும் ஒரே ஜெபம்தான். "ஆண்டவரே, இந்த வாய் நல்லா சாப்பிடட்டும், நல்லா பேசட்டும், நல்லா சிரிக்கட்டும்." இருபத்திரண்டு வருடமாக ஒரு செட்டுக்குக்கூட அது தவறியதில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்பா கூச்ச சுபாவி. கல்யாணத்தில் சம்மதம் சொன்னபோது சத்தம் வெளியே வராமல், போதகர் மூன்று தடவை சொல்ல வைத்தாராம். "என்னைக் கட்டிக்க மூணு தடவை சம்மதம் சொன்ன ஆளு" என்று அம்மா இப்போதும் பெருமையாகச் சொல்வாள். ஆலயத்தில் அப்பாவின் இடம் கடைசியிலிருந்து மூன்றாவது வரிசை, தூணுக்குப் பின்னால்.

எங்கள் ஆலயத்தில் வேதபாடம் வாசிப்பவர் ஸ்டேஷன் ஐயா. ரயில் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்லி ஓய்வு பெற்றவர். ரயில் இரண்டு மணி நேரம் தாமதம் என்று அவர் சொன்னால் பயணிகளுக்குக் கோபம் வராதாம். அவர் மேலும் சொல்லமாட்டாரா என்று இருக்குமாம். இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர்தான் வாசித்தார். அவர் வாசித்தால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும்.

போன வருடம் ஐயாவின் பற்கள் எல்லாம் கெட்டுப்போய், அப்பாவுக்கு அளவு அனுப்பும் டாக்டரம்மா மொத்தத்தையும் எடுத்துவிட்டார். ஈறு ஆறிச் சுருங்க மூன்று மாதம் ஆகும், அதற்குப் பிறகுதான் பல்செட் என்றார். அதுவரை யார் வாசிப்பது? போதகர் ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது அப்பாவைப் பார்த்தார்.

"பல்லுன்னா உங்க டிபார்ட்மென்ட்தானே. மூணு மாசம் நீங்க வாசிங்களேன்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அப்பாவுக்கு மறுக்கத் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க லேப்பில் வாசித்துப் பழகினார். எதிரே அலமாரியில் அத்தனை தாடைகள். அம்மா தேநீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள்: "அங்க சபை ரொம்ப ஒழுக்கமா இருக்கு. எல்லாரும் வாயைத் திறந்து கேட்கறாங்க. ஒருத்தரும் தூங்கல."

ஞாயிற்றுக்கிழமை அப்பா வாசித்தார். என்னால் நம்ப முடியவில்லை. அந்தக் குரல் இத்தனை நாள் எங்கே இருந்ததென்று தெரியவில்லை. ஐயாவைப் போல முழக்கமாக இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு நல்ல செய்தி சொல்வதுபோல இருந்தது. ஆராதனை முடிந்ததும் ஏழெட்டுப் பேர் வந்து கையைப் பிடித்தார்கள். அப்பா காது சிவக்க நின்றார். அடுத்த வாரம் பத்துப் பேர். மூன்றாவது வாரம் அவர் தூணுக்குப் பின்னால் உட்காராமல், வாசிக்கப் போக வசதி என்று நான்காவது வரிசைக்கு மாறினார். இரண்டாவது மாதம் புதுச் சட்டை தைத்தார்.

நான் இதைக் கேலியாக எழுதவில்லை. நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதருக்குத் தன் குரல் கிடைத்தது. எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மாவுக்கும்தான்.

ஈறு ஆறியது. டாக்டரம்மா ஐயாவின் அளவை அனுப்பினார். அப்பா மெழுகில் பற்களை நட்டார். அவர் செய்ததிலேயே அழகான செட் அதுதான் என்று நினைக்கிறேன். மெழுகு செட்டை வாயில் வைத்துப் பார்க்கும் நாளில் அவரும் டாக்டரம்மாவின் அறைக்குப் போனார். வழக்கமாகப் போகமாட்டார், ஐயா என்பதால் போனார். அங்கே நடந்ததை அப்பா பிறகு சொன்னபடியே எழுதுகிறேன்.

டாக்டரம்மா மெழுகு செட்டை வாயில் பொருத்திவிட்டு, "ஏதாவது பேசுங்க ஐயா" என்றார்.

ஐயா கண்ணாடியைப் பார்த்தார். முதலில் என்ன சொல்வதென்று யோசித்தவர், "ஸ்தோத்திரம்" என்றார்.

முதல் எழுத்தில் மெல்லிய விசில் ஒன்று கலந்து வந்தது. டாக்டரம்மாவுக்கு அது பெரிதாகப் படவில்லை. ஆனால் அப்பாவின் காது இந்த வேலையிலேயே பழகிய காது. மேல் முன்பற்களுக்குப் பின்னால் மெழுகு சற்றுத் தடிப்பு, பற்களும் இம்மியளவு உள்ளே தள்ளி நிற்கின்றன, அதனால் காற்று ஒடுங்கிப் போகிறது என்று அவருக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அரை மில்லிமீட்டர். சூடான கத்தி கையில் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

"என்னண்ணா, சரியா இருக்கா?" என்றார் டாக்டரம்மா.

"பழகினா சரியாயிடும்" என்றார் அப்பா.

அது பொய்யும் இல்லை. பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு நாக்கு பழகி விசில் போய்விடும். எல்லா லேப்காரர்களும் சொல்கிற வாக்கியம்தான் அது. அதனால்தான் அதற்குள் ஒளிந்துகொள்ள வசதியாக இருந்தது என்று அப்பா சொன்னார்.

செட் வெந்து, தேய்த்து முடிந்தது. அம்மா டப்பாவுடன் பக்கத்தில் நின்றாள். நான் படிக்கட்டில் இருந்தேன். அப்பா உள்ளங்கையில் செட்டை வைத்துக்கொண்டு ஜெபித்தார். "ஆண்டவரே, இந்த வாய் நல்லா சாப்பிடட்டும், நல்லா சிரிக்கட்டும்."

"ஏங்க, ஸ்டேஷன் ஐயாவுக்கு மட்டும் பேச்சு வேண்டாமா?" என்று அம்மா சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அப்பா சிரிக்கவில்லை. "அதுக்குள்ள எல்லாம் அடங்கும்" என்று சொல்லி டப்பாவை மூடினார். அம்மா தோளைக் குலுக்கிவிட்டு மாடிக்கு வந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐயா திரும்ப வாசிக்க எழுந்தார். எல்லோர் முகத்திலும் சிரிப்பு. நான்கு வரி வரை நன்றாகத்தான் போனது. ஐந்தாவது வரியில் விசில் வந்தது, ஒலிபெருக்கியில் அது பெரிதாகக் கேட்டது. முன்வரிசைப் பிள்ளைகள் கிளுக்கென்று சிரித்தார்கள், அவர்களுடைய அம்மாக்கள் தொடையில் கிள்ளினார்கள். ஐயா நிதானித்து மீண்டும் தொடங்கினார். மீண்டும் விசில். பாடத்தை முடித்தார், முடிக்காமல் இறங்குகிறவர் அல்ல. ஆனால் கடைசி வரிகளில் 'ஸ'வும் 'ச'வும் வருகிற இடங்களை எல்லாம் அவர் விழுங்கியதை நான் கவனித்தேன். மூன்று நான்கு வாரம் அப்படியே முயன்றார். பிறகு ஒருநாள் போதகரிடம் அவரே சொன்னார்.

"வயசாயிடுச்சுங்க. குரல் போச்சு. தம்பி நல்லா வாசிக்கறான். இனிமே அவனே வாசிக்கட்டும்."

அப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் அப்பா சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "உடம்பு சரியில்லையா?" என்று அம்மா கேட்டதற்கு, "வெயில்" என்றார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

அடுத்த நான்கு ஞாயிறும் அப்பாதான் வாசித்தார். பாராட்டுகள் வந்தன. இனி அந்த இடம் அவருடையது. ஐந்தாவது வாரத் திங்கட்கிழமை காலையில் நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். பரீட்சை முடிவு வராத நாட்கள். எனக்கு எங்கும் இருப்புக் கொள்ளாது. கீழே அப்பா வழக்கமான நன்றிகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். கத்தி புதிதாக வாங்கியது, டாக்டரம்மா அனுப்பிய வேலை, என் அம்மாவின் முழங்கால் வலி குறைந்தது. பிறகு, "நேத்து ஆலயத்துல வாசிச்சேன்..." என்றார்.

நிறுத்திவிட்டார். நான் காத்திருந்தேன். மறுபடியும், "நேத்து வாசிக்கக் கிடைச்சதுக்கு..." அதோடு சரி. அந்த 'ஸ்தோத்திரம்' வரவில்லை. சுவர்க் கடிகாரம்தான் கேட்டது. பிறகு முக்காலி நகரும் சத்தம். எட்டிப் பார்த்தேன். அலமாரியில் ஒரு தாடையை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஐயாவின் பெயர் எழுதிய தாடை.

கொஞ்ச நேரத்தில் மாடிக்கு வந்தார். அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் தபால் நிலையத்தில் கவுண்டரில் இருக்கிறாள்; எட்டரைக்குப் போக வேண்டும்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் அப்பா.

"சீக்கிரம் சொல்லுங்க."

"ஸ்டேஷன் ஐயாவுக்குக் குரல் போகல. செட்டுதான் சரியில்ல. மெழுகுல இருக்கும்போதே எனக்குத் தெரியும்."

அம்மா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "தெரிஞ்சேவா?"

"கெடுக்கணும்னு நினைக்கல. சத்தியமா நினைக்கல. விசில் காதுல கேட்டுச்சு. சரி பண்ணணும்னு கை போச்சு. அப்போ உள்ளுக்குள்ள ஒண்ணு, இருக்கட்டும், பழகினா சரியாயிடும்னு சொல்லுச்சு. அதுக்கு ரொம்ப நல்ல குரல். நான் வாசிக்கற குரல் மாதிரியே."

அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மேலே சொல்லுங்கள் என்று கையைக் காட்டினாள்.

"நீ அன்னைக்குக் கேட்டியே, அவருக்குப் பேச்சு வேண்டாமான்னு. அந்த வார்த்தையை நான் விட்டதே எனக்கு நீ சொல்லித்தான் தெரியும். அதுக்கப்புறமும் டப்பாவை மூடினேன் பாரு, அது நான்தான். அதுக்கு வேற யாரையும் சாக்கு சொல்ல முடியாது." நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னைக்கு அதுக்கு நன்றி சொல்லப் பார்த்தேன். வாய் வரல. திருடின பொருளைக் காட்டி, இதைக் கொடுத்ததுக்கு நன்றின்னு ஆண்டவர்கிட்டயே எப்படிச் சொல்றது?"

"புதுசா பண்ணிக் கொடுத்துடுங்க."

"அதான் பண்ணப் போறேன். இன்னைக்கே ஆரம்பிக்கறேன். இன்னும் நல்லா ஒண்ணு பண்ணலாம்னு தோணுச்சுன்னு சொல்லிக் கொடுத்துடறேன்."

அம்மா அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். கவுண்டரில் விலாசம் சரியாக எழுதாத கவரைப் பார்க்கிற பார்வை அது.

"அப்போ என்ன ஆகும் தெரியுமா? யாரும் கேட்காமலே தானா வந்து புதுசா பண்ணிக் கொடுத்தாரு, எவ்வளவு பெரிய மனசுன்னு சபை முழுக்கச் சொல்லும். அந்தப் பேரும் வேணுமா உங்களுக்கு?"

அப்பா நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். "ஆமா. அதுவும் வேணும்னுதான் உள்ள ஒண்ணு கேட்குது."

"அதுக்குத் தீனி போடாதீங்க."

"அப்போ சபையில எழுந்து எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"சொன்னா, எவ்வளவு தாழ்மையான மனுஷன்னு அதுக்கும் நாலு பேர் வந்து கையைப் பிடிப்பாங்க." அம்மா எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். "நீங்க யாருக்குப் பண்ணினீங்களோ அவர்கிட்டப் போய்ச் சொல்லுங்க. சாயந்தரம் நான் வந்ததும் போங்கன்னு சொல்லமாட்டேன். வர்றதுக்குள்ள போயிட்டு வாங்க. பொண்ணையும் கூட்டிட்டுப் போங்க. தனியாப் போனா பாதி வழியில திரும்பிடுவீங்க."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து அப்பாவின் தலையில் கையை வைத்துவிட்டுப் போனாள். அதை எழுதாமல் விட்டால் அம்மாவை நீங்கள் தவறாக நினைத்துவிடுவீர்கள்.

ஸ்டேஷன் ஐயாவின் வீடு மூன்றாவது மாடியில் இரண்டு அறைகள். ஏறும்போது அப்பா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினார். அவருக்கு மூச்சுக்கோளாறு எதுவும் கிடையாது. நான் பின்னால் நின்று வழியை அடைத்துக்கொண்டேன்.

கதவைத் திறந்தது ஐயாதான். உள்ளே ஜன்னலோரம் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குச் சில வருடமாகக் கண்பார்வை மிகவும் மங்கிவிட்டது. பக்கத்தில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. சுவர் அலமாரியில் வேதாகமம் மூடியிருந்தது, அதன்மேல் ஐயாவின் மூக்குக்கண்ணாடி.

"யாரு, பல்லுக்காரத் தம்பியா? உட்காருப்பா" என்றார்கள் அம்மையார். "முன்ன எல்லாம் தினமும் காலையில இவர் எனக்கு ஒரு அதிகாரம் வாசிப்பார். இப்போ வாசிக்கமாட்டேங்கறார். ரேடியோதான் எனக்குப் பேச்சுத்துணை. அது நான் கேட்கறதுக்குப் பதிலே சொல்லாது. ஒருவிதத்துல இவர் மாதிரிதான்."

ஐயா சிரிக்க முயன்று உதட்டை மூடிக்கொண்டார். அப்பா அந்த வேதாகமத்தையும் கண்ணாடியையும் பார்த்தார். அந்த வீட்டுக்குள் நடந்தது அவருக்கு அதுவரை தெரியாது. உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

காலையில் அம்மாவிடம் சொன்னதைத்தான் சொன்னார், ஆனால் இன்னும் சுருக்கமாக. விசில் கேட்டது. சரிசெய்யத் தெரியும். செய்யவில்லை. ஏனென்றால் வாசிப்பதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "உங்க குரலுக்கு ஒண்ணும் ஆகலைங்க ஐயா. வயசும் இல்ல. நான்தான்."

அம்மையார் கையை நீட்டித் தடவி ரேடியோவை நிறுத்தினார்கள்.

ஐயா விரலால் முன்பற்களைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "எவ்வளவு?" என்றார்.

"என்னங்க ஐயா?"

"எவ்வளவு தள்ளியிருக்கு?"

"அரை மில்லிமீட்டர்."

ஐயா எழுந்து உள்ளறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை, ஆனாலும் அவர் என்ன செய்கிறார் என்று தெரியவில்லை. அப்பா, போய்விடலாமா என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் வேண்டாமென்று தலையை ஆட்டினேன். அம்மையார், "இருப்பா, வருவார். ரயில் லேட்டானா அவருக்குக் கோபம் வராது. வேற எதுக்கும் வரும்" என்றார்கள்.

ஐயா முகம் கழுவிக்கொண்டு வந்தார். துண்டு தோளில் இருந்தது.

"எனக்குக் கோபமாத்தான் இருக்கு தம்பி. அதை மறைச்சு உன்கிட்டச் சிரிக்க எனக்குத் தெரியாது. இது போக ரெண்டு நாள் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம்."

"சரிங்க ஐயா."

"ஆனா ஒண்ணு சொல்றேன். குரல் போச்சுன்னு நினைச்சு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போகலைன்னு வந்து சொன்னே பாரு, அதுக்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்." விசில் வந்தது. அவரே அதைக் கேட்டு லேசாகச் சிரித்துவிட்டார். பிறகு உட்கார்ந்தார். "நீ உன்னுதைச் சொல்லிட்டே. நானும் என்னுதைச் சொல்லிடறேன். இல்லைன்னா நீ போனபிறகு எனக்குச் சாப்பாடு இறங்காது. நீ வாசிக்கறப்போ நான் முன்னால உட்கார்ந்து என்ன பண்ணினேன் தெரியுமா? வேதத்தைக் கேட்கல. நீ எங்கெங்க தடுமாறறேன்னு எண்ணிட்டு இருந்தேன். கடைசி நாலு வாரத்துல ஏழு தப்பு."

"எட்டு" என்றார்கள் அம்மையார். "நடுவுல ஒருவாரம் நீங்க தூங்கிட்டீங்க."

அப்பா முதலில் என்னைப் பார்த்தார், பிறகு ஐயாவைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவரால் அடக்க முடியவில்லை. சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஐயா தோளிலிருந்த துண்டை எடுத்து அவர் மடியில் போட்டார்.

மறுநாளே வேலை தொடங்கியது. டாக்டரம்மாவிடமும் அப்பா உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது; புது அளவு எடுக்க வேண்டுமே. அவர், "நான் கேட்டப்போ சொல்லியிருக்கலாமேண்ணா" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வரி ஒரு வாரம் வலித்ததாக அப்பா சொன்னார்.

மெழுகு செட்டை வாயில் வைத்துப் பார்க்கும் நாளில் நானும் போயிருந்தேன். அப்பா எரிவிளக்கையும் கத்தியையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"பேசுங்க ஐயா."

"என்ன பேச?"

"உங்களுக்கு எது வருமோ அது."

ஐயா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "காலை ஏழு மணி முப்பத்தைந்து நிமிடத்துக்குப் புறப்பட வேண்டிய விரைவு ரயில் சற்று நேரத்தில் மூன்றாவது நடைமேடைக்கு வந்து சேரும்" என்று முழங்கினார். வெளியே காத்திருந்தவர்களிடமிருந்து ஒரே சிரிப்பு. "யாராவது ஏறணுமா?" என்று ஒருவர் கேட்டார். அப்பா மட்டும் சிரிக்காமல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரு தடவை எடுங்க ஐயா" என்று செட்டை வாங்கி, கத்தியைச் சூடாக்கி, முன்பற்களுக்குப் பின்னால் ஒரு சுரண்டு சுரண்டினார். மறுபடி வைத்தார். மறுபடி ரயில் வந்தது. ஆறு தடவை வந்தது. ஆறாவது தடவை ஐயா ரயிலை விட்டுவிட்டு, தாமாகவே மெதுவாக, "ஸ்தோத்திரம்" என்றார். விசில் இல்லை.

அப்பா கத்தியைக் கீழே வைத்தார்.

செட் முடிந்த அன்று அம்மா டப்பாவுடன் நின்றாள். அப்பா உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஜெபித்தார். மூன்றும் இருந்தன. நடுவிலிருப்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

புதுச் செட்டோடு ஐயா முதலில் ஆலயத்தில் வாசிக்கவில்லை. செட் கைக்கு வந்த மறுநாள் காலை வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து மனைவிக்கு வாசித்திருக்கிறார். ஒரு அதிகாரம் என்று தொடங்கி ஐந்து ஆகிவிட்டதாம். அம்மையார்தான் போதும் என்று நிறுத்தினார்களாம். "விட்டுப்போன நாளுக்கெல்லாம் சேர்த்து ஒரே நாள்ல வாசிக்கப் பார்த்தார். அடுப்புல என்ன ஆச்சுன்னு யார் பார்க்கறது?" என்று பிறகு அம்மாவிடம் சொன்னார்கள். சொல்லும்போது அவர்கள் முகம் எப்படி இருந்தது என்பதை அம்மா வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சொன்னாள்.

ஐயா போதகரிடம் பேசி, ஒருவாரம் தானும் ஒருவாரம் அப்பாவும் வாசிக்கலாம் என்றார். அப்பா, "கொஞ்ச நாள் வேண்டாங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் அவருக்குப் புதுச் சந்தேகம்.

"வேண்டாம்னு சொன்னேனே, அதுவும் ஒரு பெருமையாலதானோ?"

"இப்படியே யோசிச்சுட்டு இருந்தா உங்க மூளைக்கும் ஒரு செட்டு கட்டணும்" என்றாள் அம்மா. "வாசிக்கற ஆசை உங்களுக்கு இருக்கு. அது தப்பில்ல. அவர் வாசிக்கறப்போ உங்களுக்குச் சந்தோஷம் வருதான்னு பாருங்க. வந்ததும் நீங்களும் வாசிங்க."

அந்த ஞாயிறு ஐயா வாசித்தார். கைக்குழந்தை ஒன்று அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. அப்பா தூணுக்குப் பின்னால் தன் பழைய இடத்தில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆராதனை முடிந்து வாசலில் ஐயா எங்களுக்காக நின்றிருந்தார்.

"தம்பி, இன்னைக்கு எத்தனை தப்பு?"

"ஒண்ணும் இல்லைங்க ஐயா."

"அப்போ எண்ணியிருக்கே."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "முதல் பத்து வரி எண்ணினேங்க. அப்புறம் மறந்துட்டேன்."

ஐயா அவர் தோளில் கைபோட்டுக்கொண்டு, பல் முழுவதும் தெரியச் சிரித்தார். அப்பா அந்தப் பற்களைப் பார்த்தாரா, முகத்தைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. முகமாகத்தான் இருக்க வேண்டும். அதற்கப்புறம் தெருவில் எங்கே பார்த்தாலும் அவர் முகத்தை அப்பா முதலில் அடையாளம் கண்டுவிடுகிறார்.

இதை எழுதட்டுமா என்று இருவரிடமும் கேட்டேன். அப்பா வெகுநேரம் யோசித்துவிட்டு, "என்னை நல்லவனாக் காட்டாம எழுது" என்றார். ஐயா, "என் ஏழையும் எழுதிடு" என்றார். அம்மையார் உள்ளிருந்து, "எட்டு" என்றார்கள்.

ஐயா வாசித்த அந்த ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கட்கிழமை. நான் படிக்கட்டில் இருந்தேன். கீழே முக்காலி நகர்ந்தது.

"மோட்டார் ஓடுது, ஸ்தோத்திரம். பொண்ணுக்கு ரிசல்ட் இந்த வாரம் வருது. எது வந்தாலும் ஸ்தோத்திரம்." பிறகு அப்பா, எங்கும் நிற்காமல், தடுமாறாமல் சொன்னார்: "நேத்து ஸ்டேஷன் ஐயா வாசிச்சார், ஸ்தோத்திரம்."

மோட்டார் சத்தம் கேட்கத் தொடங்கியது.